இலக்கணப் பாடமும் கட்டுரைப் பாடமும் பிரிந்த கதை

இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன் இலக்கணத்தில் வல்லவன் என்று பெயர் எடுத்திருந்தான். வினையெச்சமாவது யாது, பெயரெச்சமாவது யாது என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான். பள்ளித் தேர்வில் இலக்கணப் பகுதிக்கு முழுப் புள்ளி பெற்றான். அதே வாரத்தில், ‘எங்கள் தோட்டத் திருவிழா’ என்னும் தலைப்பில் அவன் எழுதிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. ‘காலையில் சாமி புறப்பட்டது. சாமி லயத்துக்கு வந்தது. வெடிச் சத்தம் கேட்டது. மாடுகள் மிரண்டது. நாங்கள் சிரித்தோம். நாங்கள் தேங்காய் உடைத்தோம்.’ பக்கம் முழுவதும் இப்படியே. தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு வினையெச்சம்கூட அகப்படவில்லை. வினையெச்சத்தை வரையறுக்க அறிந்தவனுக்கு அதனை எடுத்தாளத் தெரியவில்லை.

அன்று சிவப்பு மையால் கட்டுரை முழுவதும் சுழித்துக் கொடுத்தேன். அடுத்த மாதக் கட்டுரையிலும் மாடுகளோ கோழிகளோ மிரண்டதாகவே இருந்தன. குற்றம் அவனுடையதன்று, கற்பித்த முறையினுடையது என்று உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இலக்கணத்துக்கு ஒரு பாடவேளை, கட்டுரைக்கு ஒரு பாடவேளை என்று அட்டவணையில் பிரித்து வைத்தவன் நான். அவன் என் அட்டவணைக்கு மிகவும் கீழ்ப்படிந்து நடந்தான், அவ்வளவே. இப்பிரிவு எங்கிருந்து வந்தது? தமிழ் மரபு தொடக்கம் முதலே இப்படித்தான் இருந்ததா? ஆசிரியப் பெருமக்கள் பலர் இலக்கணம் என்றாலே மனப்பாடம் என்றும், அது பழைய முறை என்றும், பழைய முறையைக் கைவிட்டாலன்றி மாணவர் எழுத்துத் திருந்தாது என்றும் கருதுகின்றனர். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

முதலில் தொல்காப்பியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சொல்லதிகாரத்தில் ஒன்பது இயல்கள் உள்ளன. சொல்லைக் கற்பிக்கப் புகும் ஒருவர் எதனை முதலில் வைப்பார்? இன்றைய பயிற்சி நூல் எழுதுவோர் பெயர்ச்சொல்லை வைப்பர்; அடுத்து வினைச்சொல்லை வைப்பர். தொல்காப்பியர் அவ்வாறு செய்யவில்லை. பெயரியல் ஐந்தாம் இயல்; வினையியல் ஆறாம் இயல். முதல் இயலாக நிற்பது கிளவியாக்கம். எழுவாய் எத்திணை, எப்பாலோ அதற்கேற்ப வினை முடிய வேண்டும் என்பதும், கேட்ட வினாவுக்குப் பொருந்த விடை அமைய வேண்டும் என்பதும், ஒருமையும் பன்மையும் மயங்கலாகாது என்பதும், எப்பொருளை எச்சொல்லால் சொல்வது மரபு என்பதும் அங்கேதான் பேசப்படுகின்றன. சுருங்கச் சொன்னால், பெயர் என்றால் என்ன, வினை என்றால் என்ன என்று வரையறுப்பதற்கு நான்கு இயல்களுக்கு முன்பே, ‘மாடுகள் மிரண்டது’ என்று எழுதலாகாது என்பதைத் தொல்காப்பியர் சொல்லிவிடுகிறார். தொடர் முந்தியது; சொல்லின் வகைப்பாடு பிந்தியது. நம் வகுப்பறையில் இவ்வரிசை தலைகீழாக நடக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் குறுநில மன்னன் வேண்ட, சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலைச் செய்தார். 460க்கு மேற்பட்ட நூற்பாக்களைக் கொண்ட அந்நூல், பிற்காலத்தில் தமிழ் கற்போர் அனைவருக்கும் வாயிலாக அமைந்தது. பவணந்தியார் பெயரையும் வினையையும் முன்னே வைத்துத் தொடரைப் பொதுவியலுக்குத் தள்ளினார் என்பது உண்மை. ஆயினும், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் வழு நேரக்கூடும் என்று அவர் பகுத்து வைத்த பகுப்பு, கட்டுரை திருத்தும் ஆசிரியனுக்கு இன்றும் போதும். நூலின் முகப்பிலுள்ள பாயிரமோ இதனினும் பயனுடையது. சொன்னதையே திருப்பிச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது, வேண்டியதைக் குறைப்பது, வேண்டாததைப் பெருக்குவது, எடுத்த பொருளை விட்டு மற்றொன்றில் இறங்கிவிடுவது, போகப் போகச் சோர்ந்து விழுவது ஆகியவற்றையெல்லாம் நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பாயிரம் எண்ணிக் காட்டுகிறது. புலவர் செய்யும் நூலுக்குச் சொன்னதாயினும், ஆறாம் ஆண்டு மாணவனின் ஒன்றரைப் பக்கக் கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த மதிப்பீட்டு அளவுகோலை நான் கண்டதில்லை. பாயிரத்திலிருந்து நாம் வகுப்பில் எடுத்துச் சொல்வதென்னவோ, மாணாக்கருள் அன்னம் யார், எருமை யார் என்னும் பகுதியை மட்டுந்தான்!

நிற்க. பழங்காலத் திண்ணைப் பள்ளிகளிலும் புலவர் வீடுகளிலும் நன்னூல் எவ்வாறு கற்பிக்கப்பட்டது? நெட்டுருச் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. நிகண்டு, அந்தாதி, சதகம் என்று தொடங்கி, நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் பாடமாயின. ஆனால், நெட்டுருவோடு பாடம் முடிந்துவிடவில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். கற்றவன் செய்யுள் எழுத வேண்டும். ஈற்றடியைக் கொடுத்து மேலடிகளைப் பாடச் சொல்வர். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி வெண்பா கட்டச் சொல்வர். 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் பாடங்கேட்டு, பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த வரலாற்றைத் தம் ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாக எழுதியுள்ளார். பாடங்கேட்பதும் பாட்டியற்றிப் பழகுவதும் அக்காலத்தில் ஒருங்கே நடந்தன என்பதை அந்நூலைப் படித்தோர் அறிவர்.

செய்யுள் எழுதுவதில் இலக்கணத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வெண்பா எழுதிப் பார்த்தவர்க்கு அது விளங்கும். ‘காற்று’ என்னும் சொல்லை அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால், ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட்டு, மெய்யின் மேல் உயிர் ஏறும். அப்போது அசை மாறும். அசை மாறினால் சீர் மாறும். சீர் மாறினால் தளை தட்டும். புணர்ச்சி விதி அறியாதவன் எழுதிய வெண்பா அந்த அடியிலேயே இடறி விழும். ஆசிரியர் சிவப்பு மையைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஓசையே பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே, காலையில் நெட்டுருச் செய்த நூற்பாவுக்கு மாலையில் வேலை இருந்தது. இலக்கணம் என்னும் கருவியும் அதனைப் பிடித்துச் செய்யும் தொழிலும் ஒரே திண்ணையில் இருந்தன.

அந்தத் திண்ணையில் நம் தோட்டத்துப் பாட்டன்மாருக்கும் பாட்டிமாருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய முறையின் சிறப்பைப் பேசுவோர் இதனை விட்டுவிடுவதுண்டு. நான் அம்முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதனுள் இருந்த ஓர் இணைப்பு எப்போது அறுந்தது என்பதையே தேடுகிறேன்.

அது உரைநடை வந்தபோது அறுந்தது. உரைநடையில் ‘மாடுகள் மிரண்டது’ என்று எழுதினால் எதுவும் தட்டாது. ஓசை கெடாது, படிப்பவனுக்குப் பொருளும் விளங்கிவிடும். பிழையை உடனுக்குடன் காட்டும் தளை போய்விட்டது. செய்யுட் பயிற்சி பள்ளியை விட்டு நீங்கியபோது, நெட்டுரு மட்டும் தனியே எஞ்சி நின்றது. அறுந்த இடத்தில் வேறோர் இணைப்பைக் கட்ட வேண்டும் என்று எண்ணியவர் மிகச் சிலரே.

அவருள் முன்னோடி என்று வீரமாமுனிவரைச் சொல்லலாம். இத்தாலியிலிருந்து வந்த அவர், செந்தமிழுக்குத் ‘தொன்னூல் விளக்கம்’ செய்ததோடு அமையாமல், மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமிழ் பயிலும் அயல்நாட்டுக் குருமார் படித்துப் பழக ‘பரமார்த்த குருவின் கதை’யையும் எழுதி வைத்தார். நாம் இன்று சிரித்து மகிழும் அக்கதை, மொழி பயில்வோருக்கான பயிற்சி வாசகமாகப் பிறந்தது. விதியைச் சொல்பவன் அவ்விதி நடமாடும் உரைநடையையும் கையில் கொடுக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அடுத்த நூற்றாண்டில் சென்னைக் கோட்டைக் கல்லூரி எழுந்தது. 1812இல் ஆங்கில அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்கத் தொடங்கப்பட்ட அக்கல்லூரியில் பணியாற்றிய தாண்டவராய முதலியார், 1820களில் ‘இலக்கண வினாவிடை’ வெளியிட்டார். விசாகப்பெருமாளையர் ‘பாலபோத இலக்கணம்’ எழுதினார். ஜி. யூ. போப்பும் மாணவர்க்கெனப் படிப்படியாக இலக்கண நூல்கள் ஆக்கினார். ‘எழுத்தாவது யாது? சொல்லாவது யாது?’ என்று கேட்டு விடை சொல்லும் முறை, கிறித்துவச் சமயப் பாடநூல்களில் முன்பே பழகியிருந்த முறை. நூற்பாவின் சுருங்கிய யாப்பை அவிழ்த்து, எளிய உரைநடையில் இலக்கணத்தைச் சிறுவரும் அறியத் தந்தது இம்முறையின் பெரும் பயன். வினாவிடை நூல்களை நான் குறைகூற மாட்டேன். தாண்டவராயரே 1826இல் பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையில் வெளியிட்டவர். ஒரு கையில் இலக்கணத்தையும் மறு கையில் உரைநடையையும் அவர் கொடுத்தார். பின்வந்தோர் முதற் கையில் இருந்ததை மட்டும் வாங்கிக்கொண்டனர்.

இணைப்பைக் கட்ட முழுமனத்தோடு முயன்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிறைந்திருக்கவில்லை. பிள்ளைகள் படிக்க நூலில்லை என்று கண்டு அச்சுக்கூடம் நிறுவினார். பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். முற்றுப்புள்ளி, காற்புள்ளி முதலிய நிறுத்தக் குறிகளைத் தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்டார். நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்த அவரே ‘இலக்கணச் சுருக்கம்’ என்னும் சிறு நூலையும் செய்தார். அந்நூலின் முகப்பிலேயே, இலக்கணம் எதற்கு என்னும் வினாவுக்கு விடை இருக்கிறது: முறைப்படி எழுதுவதற்கும் பேசுவதற்கும் அது ஒரு கருவி என்பதே அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

இலக்கணச் சுருக்கத்தின் அமைப்பை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நன்னூலில் இரண்டே அதிகாரங்கள்: எழுத்து, சொல். நாவலர் மூன்றாவதாகத் தொடர்மொழியதிகாரம் என்று ஒன்றைச் சேர்த்தார். நன்னூலில் பொதுவியலிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடந்த தொடர்ச் செய்திகளைத் திரட்டி, எழுத்துக்கும் சொல்லுக்கும் இணையான இடத்தை அவற்றுக்கு அளித்தார். ஏன்? நாவலர் காலத்து மாணவன் வெண்பா எழுதப் போகிறவன் அல்லன். கடிதமும் கட்டுரையும் எழுதப் போகிறவன். அவனுக்குத் தளை பார்க்கும் அறிவைவிடத் தொடர் பார்க்கும் அறிவு இன்றியமையாதது. இதனை நாவலர் உணர்ந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன். பல பள்ளிகளில் அந்த மூன்றாம் அதிகாரத்தை எட்டுவதற்குள் ஆண்டு முடிந்துவிடுவது வழக்கம். எழுத்தின் வகைகளை எண்ணி, பெயரின் வகைகளை எண்ணி, எண்ணிக்கையிலேயே காலம் போய்விடும்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் தேர்வு என்பது கல்வியின் தலைவாயிலாயிற்று. தேர்வாளருக்கு வேண்டியது எளிதில் புள்ளியிடத்தக்க வினா. ‘ஆகுபெயர் என்றால் என்ன? எத்தனை வகைப்படும்?’ என்பதற்குப் புள்ளியிடுவது எளிது. ஒரு மாணவனின் தொடர் ஏன் நொண்டுகிறது என்று கண்டு புள்ளியிடுவது கடினம். எளியது வென்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியதையே மலாயாத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். தோட்டப்புறங்களில் பள்ளிகள் பெருகியது பிற்பாடுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரே கொட்டகை. ஆசிரியர் என்றால் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோதான். பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தன.

அந்தக் கொட்டகையில் நின்று பாருங்கள். ஓராசிரியர், நான்கைந்து வகுப்புகள், பெரட்டு முடிந்து பெற்றோர் பால் வெட்டப் போயிருக்கும் நேரம். ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லும்போது மற்ற வகுப்புகளை ஏதேனும் ஒரு வேலையில் அமர்த்தியாக வேண்டும். ஒப்பித்தலைப் போல அதற்கு வாய்ப்பான பாடம் வேறில்லை. ஒரு மூலையில் வாய்பாடு, மறு மூலையில் உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு. கொட்டகை முழுவதும் ஓசை இருந்தால், பள்ளி நடக்கிறது என்று துரைக்கும் தெரியும். வினாவிடை இலக்கணம் நம் தோட்டங்களில் வேரூன்றியதற்கு நன்னூலோ நாவலரோ காரணமல்லர்; ஓராசிரியர் பள்ளியே பெருங் காரணம் என்பது என் கருத்து. அந்நிலையில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அம்மனிதர்களை நான் எள்ளளவும் இகழேன். அவர்களிடம் கற்றவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று நமக்கு மாணவர். ஆனால், கொட்டகை போய்க் கற்கட்டடம் வந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்து, 1957க்குப் பின் தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறையின் அங்கமாகி, 1983லும் 2011லும் புதிய கலைத்திட்டங்கள் வந்த பிறகும், கொட்டகைக்கு ஏற்பட்ட முறையை நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் பள்ளிக்கு வெளியே ஒரு நல்ல செயல் நடந்தது. 1950களின் தொடக்கத்தில், ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ‘கதை வகுப்பு’ என ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை முன்னின்று நடத்தினர். எழுத விரும்புவோர் பயிற்சிகளை எழுதி அனுப்பினர், குறைகள் எடுத்துக்காட்டப்பட்டன. அதே பத்தாண்டில், கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக மாணவர் எழுத்துக்குப் பக்கம் ஒதுக்கியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பின்னாளில் அறியப்பட்ட எழுத்தாளர் பலர் இவ்விரண்டு வாயில்களிலும் நுழைந்து வந்தவரே. அவருள் பலர் தோட்டப்பள்ளியில் ஆறாண்டுக்கு மேல் படிக்காதவர். 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. அவ்விதழ் தொடங்கிய வகுப்பின் பாடம் எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. எழுதியவன் தன் வாக்கியத்தையே திருத்தக் கண்டான், ஆகவே கற்றான். தளை செய்த வேலையை அங்கே இதழாசிரியர் செய்தார். தமிழகத்தில் அ. கி. பரந்தாமனார் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்னும் நூலை எழுதியதும் அந்தக் காலத்தில்தான். நடைமுறையில் மக்கள் செய்யும் பிழைகளை முன்வைத்து, அங்கிருந்து விதிக்குப் போகும் நூல் அது. இன்றும் நம் ஆசிரியர் அறையில் இருக்கத்தக்கது.

அயல்நாட்டு ஆய்வுகளையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன்; பயிற்சி வகுப்புகளில் இவற்றை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ‘இலக்கணமே வேண்டாம்’ என்று சொல்லும் இளம் ஆசிரியர்கள் உளர். 1963இல் அமெரிக்காவில் பிராடாக் முதலிய மூவர் வெளியிட்ட அறிக்கை, தனித்துக் கற்பிக்கும் இலக்கணம் மாணவர் எழுத்தை மேம்படுத்துவதில்லை, அது எழுதும் நேரத்தைப் பறிப்பதால் தீங்கும் செய்யக்கூடும் என்றது. 2007இல் கிரகாமும் பெரினும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அதுவே கிடைத்தது. ஆனால், அதே தொகுப்பில் வேறொன்றும் கிடைத்தது: சிறு வாக்கியங்களைக் கோத்து ஒரு வாக்கியமாக்கும் பயிற்சி, எழுத்தை நன்றாகவே உயர்த்துகிறது. இவை ஆங்கிலத்துக்குச் சொன்னவை. தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்றால், முழுதும் பொருந்தா என்பேன். நம் பிள்ளை பேசும் தமிழுக்கும் எழுத வேண்டிய தமிழுக்கும் இடையே உள்ள தொலைவு மிகுதி. ‘மாடுங்க மிரண்டுடுச்சு’ என்பதே அவன் வீட்டு வழக்கு. அஃறிணைப் பன்மைக்கெனத் தனி வினைமுடிபு பேச்சில் இல்லை. அவன் பிழை செய்யவில்லை. வீட்டில் கேட்டதை எழுத்துக்குக் கொண்டுவந்தான். ‘மிரண்டன’ என்பதை யாராவது கற்பித்தால்தான் அவன் அறிவான். ஆகவே, விதி வேண்டும். ஆனால், அவன் எழுதிய மாடு மிரளும் அந்த இடத்தில் வேண்டும்.

இப்போது என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். செப்பனிட்ட முறை என்று நான் இதற்குப் பெயரிட மாட்டேன். பல முறை தவறிக் கண்ட வழி இது. வாரந்தோறும் மாணவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து எட்டு அல்லது பத்து வாக்கியங்களை எடுக்கிறேன். பெயர் சொல்வதில்லை. ஒரே வகைப் பிழையாக இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாரம் பால் வழு, ஒரு வாரம் எச்சம். கரும்பலகையில் எழுதி, உரக்கப் படிக்கச் செய்கிறேன். எது சரி, எது பிழை என்று முதலில் அவர்களே வழக்காடட்டும். வழக்கு முற்றிய பிறகே விதி வருகிறது. அதன் பெயர் கடைசியில் வருகிறது. பின்னர் அவரவர் கட்டுரையை எடுத்து அதே வழுவைத் தாமே தேட வேண்டும். சிவப்பு மை அவர்கள் கையில் இருக்கும்.

எச்சத்தை இவ்வாறு கற்பித்தபோதுதான் எனக்கே ஓர் உண்மை விளங்கியது. ‘அப்பா எழுந்தார். அப்பா குளித்தார். அப்பா வேலைக்குப் போனார்’ என்னும் மூன்று வாக்கியங்களை ‘அப்பா எழுந்து குளித்து வேலைக்குப் போனார்’ என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளையும் கோத்துவிடும். அடுத்து, ‘மழை பெய்தது. நாங்கள் விளையாடவில்லை’ என்று கொடுத்தேன். ஒரு பெண் ‘மழை பெய்து நாங்கள் விளையாடவில்லை’ என்று எழுதினாள். வகுப்பே ‘என்னவோ போல இருக்கிறது, சார்’ என்றது. ஏன் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ‘பெய்தது யார்? விளையாடாதது யார்?’ என்று கேட்டேன். ஒரு பையன் ‘ஆளே வேற’ என்றான். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலைக் கொண்ட வினையாலேயே முடிய வேண்டும் என்று தொல்காப்பியர் வினையியலில் சொன்ன விதியை, அந்தப் பையன் இரண்டே சொல்லில் சொல்லி முடித்தான். ‘பெய்ததால்’, ‘பெய்யவே’ என்று வேறு வழிகளை அவர்களே தேடிக்கொண்டனர். ‘மழை பெய்து ஆறு பெருகியது’ என்பதை மட்டும் காது ஏன் ஏற்கிறது என்று ஒருத்தி விடாமல் கேட்டாள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும்போது உரையாசிரியர்கள் இதற்கு அமைதி கூறியுள்ளனர் என்று சொன்னேன். அன்று மணி அடித்தும் அவர்கள் எழவில்லை.

வலிமிகுதலை மட்டும் நான் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். இதில் என்னோடு மாறுபடுவோர் இருப்பர். ‘மிகும் இடங்கள்’, ‘மிகா இடங்கள்’ என்று இரு பட்டியலை ஒரே வாரத்தில் கொட்டினால், மாணவன் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு ‘க்’கைப் போட்டு வைப்பான். பொருள் மாறும் இடத்திலிருந்து தொடங்குவதே நலம். ‘வேலை கொடு’ என்றால் தொழில் கேட்கிறான். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையிலுள்ளதைக் கேட்கிறான். ஒற்று ஒன்றுதான் வேறுபாடு என்று கண்டபின், இரண்டாம் வேற்றுமை உருபுக்கும் நான்காம் வேற்றுமை உருபுக்கும் பின்னே ஒற்று வருவதை அவர்கள் தாமாகவே கவனிக்கத் தொடங்குகின்றனர். மற்ற இடங்கள் இடைநிலைப்பள்ளி வரை காத்திருக்கலாம்.

‘நேரம் எங்கே?’ என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் பள்ளி சிறியது. தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், லயத்துக் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. வகுப்புக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். நகரத்தில் முப்பத்தைந்து கட்டுரைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரை என்னோடு ஒப்பிடுவது முறையன்று. அவருக்கு நான் சொல்வது ஒன்றுண்டு: முப்பத்தைந்தையும் முழுவதும் திருத்த வேண்டாம். அந்த வாரத்து வழுவை மட்டும் பாருங்கள். மற்றவற்றைத் தொடாமல் விடுங்கள். பெற்றோர் வந்து, ‘இவ்வளவு பிழையிருக்கிறதே, ஏன் திருத்தவில்லை?’ என்று கேட்பர். என்னையும் கேட்டனர். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வாறு விட்டுவைக்க எனக்கும் துணிவில்லை. இப்போது பிள்ளையின் சென்ற மாதக் கட்டுரையையும் இந்த மாதக் கட்டுரையையும் மேசைமீது அருகருகே விரித்துக் காட்டுகிறேன். அவர்கள் படித்துப் பார்க்கிறார்கள்.